நம் படகுக்கு எந்த அடுப்பு

சம்பந்தியம்மா,

இன்று காலை நம் பேத்தி என் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள். குத்துவதற்கு முன்னால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை. நாகமரை அணைத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு நடுவே நம் படகு, படகுக்கு நடுவே அடுப்பு, பின்பலகையில் துடுப்போடு நீங்கள்.

"ஏன் ஆயா தானா சிரிக்கற?" என்று கேட்டாள். நர்சுப் படிப்பில் கடைசி வருஷம். ஊசி குத்தியதே தெரியவில்லை, அப்படியொரு கை. ஊரில் நான் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"உங்கப்பனப் பெத்த ஆத்தாவ நெனச்சேன்" என்றேன்.

பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது இவளை நம் இருவரிடமும் விட்டுப் போனார்கள். உங்கள் மகனின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதுவரை நமக்குள் என்ன பேச்சு இருந்தது? பண்டிகைக்கு வந்தால் "வாங்க சம்பந்தி", போகும்போது "வரங்க சம்பந்தி". பெண்ணைக் கொடுத்தவள் நான், எடுத்தவர் நீங்கள். உட்காரும்போதுகூட ஒரு பாய் இடைவெளி விட்டுத்தான் உட்காருவோம். நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள்: "படகு சும்மா கெடக்குதுங்க சம்பந்தி. மீன் புடிக்கறவங்க திட்டுல பசியோட கெடக்கறாங்க. சுடச்சுட ஆக்கிக் கொண்டுபோய்க் குடுப்போமா?"

வேலையைப் பிரித்துக்கொண்டோம். விடியும்போதே நீங்கள் படகுக்குப் போய் அடுப்பு மூட்டி டீ போட்டு வைப்பீர்கள். நான் வீட்டில் களி கிண்டி எடுத்துக்கொண்டு பின்னால் வருவேன். உச்சி நேரத்தில் நீங்கள் துடுப்புப் போட, நான் நடுவில் உட்கார்ந்து மீன் பொரிப்பேன், குழம்பு கொதிக்கவைப்பேன். வலை போட்டவர்கள் பரிசலோடு வந்து படகை ஒட்டி நின்று வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோதுதான் தகராறு ஆரம்பித்தது. பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஒரு ஸ்பிரிட் அடுப்பு வாங்கிவந்தார். பளபளவென்று, எவர்சில்வரில். நீங்களோ ஏரியூர்க் கடையில் குட்டி கேஸ் சிலிண்டர் பார்த்து வைத்திருந்தீர்கள்.

கடைக்கு நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் சொன்னார்: "ஆயா, கேஸு கசிஞ்சா மேல போவாது, கீழதான் எறங்கும். வூட்டுல கதவத் தொறந்தாப் போயிரும். படகுல எங்க போவும்? குழியில தண்ணி நிக்கற மாதிரி அடியில நிக்கும். வாசம் வந்தா தீக்குச்சி தொடக்கூடாது." நீங்கள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசைப் பார்த்தீர்கள். எனக்கு அங்கேயே கேஸ் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஏனென்றால் எனக்குத் தெரியும். கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து உங்களுக்கு வாசம் தெரியவில்லை. நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் அடிப்பிடித்த பாலில் டீ போட்டு, சிரித்த முகத்தோடு என்னிடம் நீட்டினீர்கள். தீய்ந்த நாற்றம் கரைவரைக்கும் அடித்தது. நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சம்பந்தியிடம் போய் "உங்க மூக்கு வேலை செய்யலீங்களே" என்று எப்படிச் சொல்வது? விடிகாலையில் தனியாகப் போய் அடுப்பு மூட்டுகிறவர் நீங்கள். கேஸ் கசிந்து அடியில் நின்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் ஸ்பிரிட்டைப் பிடித்துக்கொண்டேன். "மாப்பிள்ளை ஆசையா வாங்கியாந்ததுங்க. இதுல தீப்புடிச்சாலும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா அடங்கிரும். சுத்தித் தண்ணிதானே?"

"அது கொதிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்ங்க. கேஸுன்னா திருப்புனா எரியும், திருப்புனா அணையும்."

"அடுப்பு வாங்கியாந்தது உங்க மகன்தானுங்களே?"

"மகன் வாங்கியாந்தா? அவனா ஒக்காந்து பொரிக்கப் போறான்?"

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். என் மகள் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தாள். "ஏம்மா மாமியாகூட எதிர்பேச்சுப் பேசற? காலம்பூரா அந்த வூட்ல இருக்கப்போறவ நானு. ஒரு அடுப்புக்காக என் பொழப்பக் கெடுத்துறாத." மாப்பிள்ளைக்கு ஐஸ் வைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அது உங்கள் வீட்டுக்குள் போய்விடும்.

கடைசியில் நீங்கள்தான் இறங்கி வந்தீர்கள். "சம்பந்தி ஆசப்படறாங்க. இருக்கட்டும்" என்றீர்கள். முகம் மட்டும் உம்மென்று இருந்தது.

ஸ்பிரிட் அடுப்பு படகில் ஏறிய சில நாளில் அந்த உச்சிவேளை வந்தது. தண்ணீரெல்லாம் வெயிலில் கண்ணாடித்தூள் மாதிரி மின்னியது. கடாயில் எண்ணெய் சத்தமில்லாமல் கிடந்தது. குனிந்து பார்த்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. அணைந்துவிட்டது என்று கடாயை இறக்கி வைத்து, ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து சாய்க்கப் போனேன்.

"ஏய், ஊத்தாதடி!"

துடுப்பு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. படகு ஆடியது. நீங்கள் பாய்ந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தீர்கள். பாட்டில் கைதவறித் தண்ணீரில் விழுந்தது. அடுத்த கணம் ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினீர்கள். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதுவரைக்கும் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"கண்ணு தெரியலன்னா வாயத் தொறந்து சொல்லமாட்டியா? டீய டம்ளருக்கு வெளிய ஊத்தறப்பவே பாத்தேன்டி. பொர விழுந்த கண்ண வெச்சிக்கிட்டு ஸ்பிரிட் அடுப்பு வேணுமாம் இவளுக்கு! அதுக்குத்தானே கேஸு கேஸுன்னு கத்துனேன்!"

நானும் வாயை விட்டேன். "நீ மட்டும் சொன்னியா? தீஞ்ச பால்ல டீ போட்டுக் குடுக்கறவ நீ! ஒனக்கு மூக்கு எங்கடி போச்சு? நான் எதுக்கு ஸ்பிரிட்டுக்கு மல்லுக்கட்டுனேன்னு நெனச்ச?"

நீங்கள் என் மணிக்கட்டை விடவே இல்லை. பிறகு சிரித்தீர்கள் பாருங்கள், படகு கவிழ்ந்துவிடும் என்று நான் பயந்துபோனேன். அதற்குள் துடுப்பு வெகுதூரம் போயிருந்தது. பரிசல்காரப் பையன்கள் பிடித்துக் கொண்டுவந்து, "ரெண்டு சம்பந்தியும் சண்டைங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாண்டா, வெலக்கிவிட வாங்க" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே கேஸ் என்று முடிவானது. எரிந்தால் எனக்குச் சத்தம் கேட்கும்; கசிந்தால் வாசம் தெரியும். ஆனால் நான் வருவதற்கு முன்னால் அடுப்பைத் தொடுவதில்லை என்று நீங்கள் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். மறுநாளிலிருந்து களிப்பானையோடு நான் படகில் ஏறியதும் கேட்பீர்கள்: "மூக்கு என்னங்க சொல்லுது?" நான் குனிந்து அடிப்பலகை வரைக்கும் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, பத்த வைங்க" என்பேன். கரையில் ஆள் இருந்தால் 'ங்க'. துடுப்புப் போட்டு நடுத்தண்ணீருக்குப் போய்விட்டால் 'டி'.

ஒருநாள் மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியவில்லை. ஏறும்போதே அழுகிய பூண்டு மாதிரி குப்பென்று அடித்தது. சிலிண்டரை மூடிக் கரையில் வைத்துவிட்டு, இனி என்ன செய்வது என்று நின்றேன். "தண்ணி மாதிரி நிக்கும்னுதானே கடைக்காரன் சொன்னான்? அப்பத் தண்ணி மாதிரியே எறைப்போம்" என்று பக்கெட்டை எடுத்தீர்கள். காய்ந்த படகிலிருந்து பக்கெட் பக்கெட்டாகக் காற்றை மொண்டு வெளியே கொட்டினோம்.

"ஆயா, படகுல சொட்டுத் தண்ணி இல்லீங்களே, எத எறைக்கறீங்க?" என்று பரிசலில் போனவன் கேட்டான்.

"போன ஜென்மத்துப் பாவத்தடா. நிறைய கெடக்குது, நீயும் வந்து எற" என்றீர்கள்.

அணைத் தண்ணீர் இறங்கிய கோடையில்தான் நீங்களும் போனீர்கள். முந்தின நாள் சாயங்காலம்வரை பேசிக்கொண்டு இருந்தவர், தூக்கத்திலேயே. பேத்தி பிறந்தபோது எல்லாரும் உங்கள் மூக்கு என்று சொன்னார்களே, அதை நினைத்து நீங்கள் கடைசியாகச் சொன்ன கேலி: "வடிவம் மட்டும் என்னுதா இருக்கட்டும். வேலை செய்யற மூக்கு உங்களுதா இருக்கட்டும்ங்க."

இப்போது பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்குப் புரை எடுத்தாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறேன். காலையில் அந்த ஸ்பிரிட் வாசம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. பரணில் கிடந்த எவர்சில்வர் அடுப்பை இறக்கச்சொல்லி, பேத்தியிடம் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி, உச்சிவெயிலில் வாசலில் வைத்துப் பற்றவைத்தேன். அன்றைக்கு நீங்கள் பார்த்த நெருப்பை இந்தப் புதுக்கண்ணால் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று ஆசை.

தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். "எரியுதா ஆயா?" என்று கேட்கிறாள் பேத்தி. அவளுடைய இளம் கண்ணுக்கும் தெரியவில்லை. உள்ளங்கையை மேலே கொண்டுபோனேன். சுட்டது. வெயிலில் அந்த நெருப்பு யார் கண்ணுக்கும் தெரியாது போல.

அப்படியானால் அன்றைக்கு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பின்பலகையில் உட்கார்ந்து, கண்கூசும் தண்ணீருக்கு நடுவில், நீங்கள் நெருப்பைப் பார்த்திருக்க முடியாது. நான் அடுப்பை அணைத்தேனா, மூடி வைத்தேனா என்று என்னைத்தான் விடாமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். துடுப்புப் போட்ட அத்தனை நாளும்.

நாளைக் காலையும் மகள் சமையல்கட்டில் லைட்டரை எடுக்குமுன் நான் வாசற்படியில் போய் நிற்பேன். மூச்சை இழுத்துப் பார்ப்பேன். "ஒண்ணுமில்லீங்க, பத்த வைங்க" என்பேன்.

"மகளுக்கு எதுக்கும்மா ங்க போடற?" என்று அவள் தினமும் கேட்கிறாள்.