ஸ்டானிஸ்லாவ் போட்ட கையெழுத்து

திரேஸ்புரம், தூத்துக்குடி
செப்டம்பர் 14

அன்பு மகள் சுஜிதாவுக்கு,

பனிமய மாதா உன்னையும் மாப்பிள்ளை கிளைட்டனையும் பேத்தி டயானாவையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். எழுதினால் கடைசி வரைக்கும் படிப்பாய் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் எனக்குத் தெரியாமல் மக்ரூன் வாங்கித் தின்கிறார். ஊர் நீ பார்த்த ஊர் இல்லை. புதிதாகக் கார் கம்பெனி வந்த பிறகு பார்க்கிற இடமெல்லாம் கட்டடம், வெளியூர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்து வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். நம் மாடியையும் வெள்ளையடித்து வாடகைக்கு விடத் தயாராக வைத்திருக்கிறோம், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

அங்கே அமெரிக்காவில் உங்கள் தமிழ்ச் சங்க விழாவில் திரையில் காட்டவேண்டும் என்று இஞ்ஞாசித் தாத்தா படம் கேட்டாய் அல்லவா, தொப்பி வைத்துக்கொண்டு மோட்டார் காரில் சாய்ந்து நிற்பாரே, அந்தப் படம். எங்க குடும்பம் நூறு வருஷத்துக்கு முந்தியே டெட்ராய்ட்ல இருந்துருக்குன்னு சொல்லப்போறேம்மா என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். அதற்காகத் தகரப் பெட்டியைத் திறந்தேன். படத்துக்கு அடியில் ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. என் தாத்தாவுக்கு, அதாவது தன் அண்ணனுக்கு, அவர் அங்கிருந்து எழுதியவை. இத்தனை வருஷம் நம் வீட்டில் யாரும் அந்த நூலை அவிழ்க்கவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம், கப்பலில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர் அங்கேயே இறங்கிவிட்டார், கார் கம்பெனியில் வேலை பார்த்தார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1926இல் திரும்பி வந்தார், அவ்வளவுதான். அந்த அம்மா 1922இலேயே இறந்துபோனார் என்று கல்லறையிலேயே வெட்டியிருக்கிறது சுஜி. ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறோம், ஒருவருக்கும் யோசித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முதலில் எழுதியவை எல்லாம் சந்தோஷக் கடிதங்கள். இங்கன தொழிலாளியே மோட்டாரில் வேலைக்குப் போறான் அண்ணே, பாட்டுக் கேக்க ஒரு பெட்டி வந்துருக்கு, கடையில சாமான் வாங்க ஆளுக இடிச்சுக்கிட்டு நிக்கிதாங்க என்று எழுதியிருக்கிறார். 1921இல் ஒரு நீதிபதி முன்னால் கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்து அமெரிக்கக் குடிமகன் ஆகியிருக்கிறார், போன வருஷம் நீ எடுத்தாயே, அதே மாதிரி. ஒரு மர வீடும் வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாவ், போலந்திலிருந்து வந்தவர், ஒரே கோவில், ஒரே கம்பெனி. இவர் மீன் குழம்பு வைத்தால் அவருக்கு ஒரு பாத்திரம் போகும், அவர் மனைவி ரொட்டி சுட்டால் இவருக்கு வரும். தன் கூடப்பிறந்தவனைப் போல என்று மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1923இல் அங்குள்ள பெரிய கோர்ட்டு ஒரு பஞ்சாபிக்காரர் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் கிடையாது, அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கொடுத்ததையும் பறித்தார்கள். உன் பத்திரம் சட்டவிரோதமாக வாங்கியது, திருப்பிக் கொடு என்று தாத்தாவுக்கு வந்த நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. அதே சமயத்தில் வெள்ளை அங்கி போட்டு முகத்தை மூடிய ஒரு கூட்டம் அந்த ஊர்களில் பெருகியது. அவர்களுக்குக் கறுப்பரையும் யூதரையும் கண்டால் ஆகாது, கப்பலேறி வந்தவர்களையும் நம்மைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரர்களையும் கண்டால் ஆகாது. 1924இல் இவர்கள் போகிற கோவிலுக்கு எதிரே பெரிய சிலுவையை நட்டு அதைக் கொளுத்தினார்கள். தாத்தாவும் ஸ்டானிஸ்லாவும் கோவில் வாசலில் சேர்ந்து நின்று அதைப் பார்த்திருக்கிறார்கள். தீ அணைகிறவரைக்கும் ஸ்டானிஸ்லாவ் இவர் கையை விடவில்லையாம்.

அந்த வாரமே யாரோ இருட்டில் கல்லெறிந்து இவர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். அடுத்த மாதம் தெருக்காரர்கள் ஒரு மனு எழுதினார்கள். வெள்ளையர் அல்லாதவர் ஒருவர் குடியிருப்பதால் தெருவில் வீட்டு விலை விழுகிறது, அவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அதன் நகலை இவர் வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். முப்பத்தொரு கையெழுத்து, ஒன்பதாவது ஸ்டானிஸ்லாவுடையது. தாத்தா தாளை உரித்து எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனார். அந்த ஆள் அழுதிருக்கிறார். எனக்கும் இங்கன இருக்கணும்லா இஞ்ஞாசி, போடலன்னா என்னையும் உன்கூடச் சேத்துருவானுவ, போட்டத இனி அழிக்க முடியாதுன்னு சொல்லுதான் அண்ணே என்று தாத்தா எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு வரி. கண்ணாடிய ஒடச்சவன் மூஞ்சி எனக்குத் தெரியாது, அது வலிக்கல. இவன் மூஞ்சி தெரியும். பிறகு ஒன்றரை வருஷம் அங்கே இருந்திருக்கிறார், ஒரு கடிதம் இல்லை. வீட்டைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். எனக்குப் பதினோரு வயதாகிறவரைக்கும் அவர் உயிரோடு இருந்தார் சுஜி. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். யாரோடும் பேசமாட்டார், அமெரிக்கா போனவருக்குத் திமிர் என்று எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நீ போன மாதம் சொன்னதுக்கு வருகிறேன். உங்கள் வீடுகளுக்குப் பின்னால் அகதிகளுக்குக் கட்டடம் கட்டப்போகிறார்கள், எல்லோரும் சேர்ந்து எதிர்த்து மனுக் கொடுத்தோம், நாங்களும் கையெழுத்துப் போட்டோம், இல்லன்னா வீட்டு விலை விழுந்துரும்மா, அதோட எல்லாரும் போடும்போது நாம மட்டும் போடலன்னா நம்மளயும் ஒரு மாதிரி பாப்பாங்க என்று சொன்னாய். நானும் சரிதான் என்று சொன்னேன். உன்னை ஏசுவதற்காக எழுதவில்லை என்று சொன்னால் அது பொய், ஏசத்தான் எழுதுகிறேன். உன் நிறத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? கம்பெனிகள் நன்றாக ஓடி, ஆளுக்கொரு கார் நிற்கும்போதுதான் தாத்தாவின் தெரு ஜனங்கள் அப்படி நடந்துகொண்டார்கள் சுஜி. பசித்தவன் செய்தான் என்றால் ஒரு பக்கம் மனசு ஆறும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாடியைக் கேட்டு ஷஃபீகா என்று ஒரு பெண் வந்தாள், காயல்பட்டினத்துப் பிள்ளை, கார் கம்பெனி ஆபீசில் வேலை, தாயும் மகளுமாக இரண்டே பேர். உன் அப்பா அவளிடம் தண்ணீர் வரத்து, பஸ் வசதி எல்லாம் நன்றாகத்தான் பேசினார். பெயரைக் கேட்ட பிறகு, சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல பிள்ளைதான், ஆனா தெருவுல நாலு பேரு கேப்பாங்கள்லா என்று என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். கடிதங்களைப் படித்து முடித்த அன்றைக்கு அவள் நம்பரைத் தேடி எடுத்து, மாடி காலியாகத்தான் இருக்கிறது, வாம்மா என்றேன். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஒற்றை அறை பார்த்துக் குடிபோய்விட்டாளாம். பரவால்ல ஆன்ட்டி, ஏழு வீட்டுல சொந்தக்காரங்கதான் கேட்டுருந்தாங்க என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன், அவர் பேப்பரை மடிக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைவு.

படத்தை இதோடு அனுப்புகிறேன், மனுவின் நகலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்ட முடியுமானால் காட்டு, வெறும் படத்தை மட்டும் காட்டாதே.

குளிர் தொடங்குமுன் டயானாவுக்குக் காது மூடுகிற குல்லா வாங்கிவிடு, போன வருஷம் போல இழுத்தடிக்காதே. மாப்பிள்ளையை அதிகம் கார் ஓட்டவிடாதே. ஒன்று மறக்காதே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம் உங்கள் கோவிலுக்கு வருகிறது, அந்தக் கட்டடத்தில் குடியேறக் காத்திருக்கிறது, அவர்கள் மகளோடுதான் டயானா ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறாள் என்று சொன்னாய். அரை மணி நேரம் பேசினாய், அந்தப் பிள்ளையின் தாயைக் கடைசி வரை அந்தம்மா, அந்தம்மா என்றுதான் சொன்னாய். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் பெயரைக் கேட்டு எனக்குச் சொல்லு. ஜெபத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உன் பிள்ளைகுட்டிகளோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எந்நாளும் வேண்டிக்கொள்ளும்

உன் அம்மா
ஞானசௌந்தரி