கோட்டுக்கு மேல் ஆயில்

கார்த்திகை 8, திங்கள்

1. கார் நீலப்புகை விடுகிறது.
2. டர்போவில் ஆயில் கசிகிறது.
3. வண்டி ஓடி வந்ததும் டர்போ ஆறும்வரை விடாமல் இன்ஜினை உடனே அணைக்கும் மருமகன்தான் காரணம்.

மூன்றாவதைக் காலையில் அவரிடமே சொல்லிவிட்டேன். "அப்ப நாளைக்கு அத்தையை ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிக்கினு போங்க மாமா" என்று சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் குவார்ட்டர்ஸுக்கு வந்த மெக்கானிக் பஷீர் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துச் சிரித்தார். "யாரு சார் இவ்ளோ ஊத்தினது? கீழ ரொம்பிக் கெடந்தா டர்போ ஆயில் எங்க எறங்கும்? கசிஞ்சு புகையாத்தான் வரும்."

பாதுகாப்புக்கென்று டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் மேலே ஊற்றுவது மைன்ஸில் வேலை பார்த்த நாளிலிருந்து என் வழக்கம். போன வாரம் ஊற்றியதும் நான்தான். அதிகப்படியை வடித்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டதும் புகை அடங்கியது.

"மாப்பிள்ளைக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மனைவி. நம்பரை அழுத்தினேன்; மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. இதை டைரியில் மட்டும் எழுத முடிகிறது.