எவ்வளவு ஆழம்

கொக்குவில்
மார்கழி, 1991

என் மூத்த மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுமுறை நாட்களில் உலோகம் தேடும் கருவியோடு திரிந்து, யாரோ ஒரு பெண் பனிக்குள் தொலைத்த மோதிரத்தை எடுத்துக் கொடுத்தாயாம். நல்லது. வெண்பனி என்று எழுதப் பழகு. பனி என்று மட்டும் எழுதினால், வெயில் வரக் காய்ந்துபோகும் நம் மார்கழிப் பனியைத்தான் நினைப்பேன்.

உன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடமாகிறது. நேற்றுப் பக்கத்து வீட்டுப் பூரணம் வந்து, "அந்தியேட்டியைச் செய்யுங்கோ அக்கா, பொடியன்ரை ஆத்மா அலையும்" என்றாள்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்யிறதோ? தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடும்" என்றேன். அவனுடைய கோப்பையை இன்றும் கழுவி வைத்தேன்.

அன்று அவனோடு பிடிபட்டவர்கள் எல்லாரும் கடற்கரை மணலுக்குள் புதைபட்டுக் கிடக்கிறார்கள் என்று ஊரில் கதைக்கிறார்கள். நான் நம்பவில்லை.

உன் கருவி மணலிலும் வேலை செய்யுமா? எவ்வளவு ஆழத்தில் கிடப்பதைக் காட்டும்? மறக்காமல் எழுது. சைக்கிளால் விழுந்தபோது அவன் தொடை எலும்பில் வைத்த தகடு, மோதிரத்தைவிடப் பெரியது.

அம்மா