ஆளில்லாத ஊர் என்று எழுதாதே

அன்புள்ள குருவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அந்தப் பனியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன், நம்பாவிட்டால் இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடாது. நீ அனுப்பியதைத் தம்பி அச்செடுத்துத் தந்தான். ஆஸ்பத்திரியில் என் விசாரணை மேசையில் கூட்டம் குறைந்ததும் மறுபடி எடுத்துப் படித்தேன், பக்கத்து மேசைக்காரி யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டாள், என் முகம் அப்படி இருந்திருக்கிறது. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதே.

நான் புரிந்துகொண்டது சரிதானா பார். பனியை அளக்கிறவர்கள், மீனை எண்ணுகிறவர்கள், மனிதர்களோடு உட்கார்ந்து பேசுகிற நீ, எல்லோரும் சேர்ந்து துருவக் கடலோரத்தில் என்னென்ன மாறிப்போச்சு என்று ஒரே அறிக்கை எழுதுகிறீர்கள். பனிக்காரர்கள் விமானத்தில் பறந்து படம் எடுத்தபோது அந்தச் சின்ன ஊரில் ஒரு வீட்டிலும் புகை இல்லை, கைவிடப்பட்ட ஊர் என்று வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். ஊரே மீன்பிடிக் கூடாரங்களுக்குப் போயிருந்தது, கடல் உறைந்தால்தான் அதன்மேல் நடந்து வீடு திரும்ப முடியும் என்று நீ போய்த் தங்கித் தெரிந்துகொண்டாய். முன்பெல்லாம் படம் எடுத்த அந்த மாதத்துக்குள் ஜனங்கள் திரும்பியிருப்பார்கள், இப்போது கடல் உறையவே தாமதமாகிறது. தாமதமாகிறது என்று அளந்து சொன்னதே அந்தப் பனிக்காரர்கள்தானே, அந்தப் பனிமேல்தான் ஜனங்கள் வரவேண்டும் என்பது மட்டும் எப்படித் தோன்றாமல் போச்சு? திரும்பி வருவோம் என்பதற்கு அடையாளமாகத் தேநீர்க் கெட்டிலை அடுப்பின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்களாமே, மேலே பறக்கிறவர் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது. இப்போது அங்கே துறைமுகம் கட்டப் பார்க்கிறார்கள், ஆளில்லாத இடமென்றால் யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. நீ எழுதியதைக் கடைசியில் இணைப்பாக ஒட்டிவிடலாம், கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பு என்கிறார் உங்கள் குழுத்தலைவர். இதுதானே விஷயம்?

அப்பாவின் ஆபரேஷனுக்காக நாம் எல்லோரும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தபோது நம் வீட்டுக் குழாயை என்ன செய்தார்கள், மறந்துவிட்டாயா? பூட்டியிருக்கிறது, ஆள் குடியில்லை என்று எழுதி இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். நான் தண்ணீர் ஆபீசில் போய் நின்று, ஆளில்லாத வீட்லேருந்துதான் வந்திருக்கேன், நல்லாப் பாத்துக்குங்க என்றேன். அங்கே இருந்தவர் நாளைக்கு வாங்க என்றார். வீட்ல ஆளே இல்லையே, யாரு நாளைக்கு வர்றது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்தேன். அந்த அம்மாவுக்குப் பிறந்தவள் நீ, யாரிடம் போய்ப் பயப்படுகிறாய்?

சித்தப்பா வந்திருந்தார், வழக்கம்போலக் கேட்காமலே ஆலோசனை. பனிக்கரடிக்கும் பத்து வீட்டுக்கும் நடுவுல இவ எதுக்குத் தலையக் குடுக்கிறா என்கிறார். காபி ஆறுது, குடிங்க என்றேன், அதற்குமேல் அவருக்குப் பதில் தேவையில்லை. அப்பா பேசியதுதான் மனதைப் பிசைந்தது. இத்தனை வருஷப் படிப்பு, இப்ப கையெழுத்தப் போட்டுட்டு அப்புறமா வேற எடத்துல உண்மைய எழுதட்டுமே என்றார். துறைமுகம் வந்தப்புறம் எங்க எழுதுறது, தண்ணியிலயா என்று கேட்டுவிட்டேன்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. உன் வேலை போய்விடுமோ, இனி யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இருக்கட்டும். பொய்க்குக் கீழே உன் பெயரைப் பார்ப்பதைவிட நீ வேலையில்லாமல் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன். ஆனால் ஒன்று, நீயாகத் தியாகி ஆகிவிடாதே. அந்த ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னாயா? முதலில் சொல்லு. அவர்களுக்கும் வாய் இருக்கிறது, உன்னைவிடப் பலமாகவே கத்துவார்கள். கூட்டத்தில் குரலை உயர்த்தாதே, தலைவர் முன்னால் அழாதே, அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழு. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டு வா.

உனக்கு ஒரு குறையும் வராது, நீ போகிற வழியெல்லாம் நல்லதாகவே இருக்கும். காதை மூடாமல் வெளியே போகாதே, இதை எத்தனை தடவை சொல்வது.

அப்பா இதைப் படித்துவிட்டு எழுந்து போனார். உன் அறையில் நாங்கள் அடைத்து வைத்திருந்த பழைய சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். என்ன செய்றீங்க என்றால், அவ கையெழுத்துப் போட மாட்டா, எனக்குத் தெரியும், வந்தா எங்க படுப்பா என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா