கழற்றி வைத்த நட்சத்திரம்

என்னங்க,

வார்டில் நர்ஸ் யாரும் இல்லை என்று போன் வந்தது, கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்கு என் தம்பி கேக் கொண்டுவருவான். வாசலிலேயே நிறுத்தி அவனுக்கும் வேதபாடம் எடுக்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாட வேதத்தில் கட்டளை இல்லை என்றீர்கள். சரி, இல்லை. தேதியும் இல்லை. ஆனால் ரோமர் பதினாலாம் அதிகாரத்தையும் முழுசாகப் படியுங்கள். ஒரு நாளை விசேஷமாக நினைக்கிறவனும் கர்த்தருக்காகவே நினைக்கிறான், நினைக்காதவனும் அப்படியே; தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று பவுல் கேட்கிறார். உங்களை ஆலயத்துக்கு வாங்க என்று நான் இழுத்தேனா? பிறகு ஏன் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வாசல் நட்சத்திரத்தைக் கழற்றினீர்கள், அதுவும் பிள்ளை பார்க்க?

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். நம் வாலுப்பெண் எழுந்ததும் ஆற்றிக் கொடுங்கள்.

பி.கு. "தேதி தெரியாம கொண்டாடுறது பொய்"னு கத்தினீர்களே, அதை அவள் பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்த தேதி காப்பகத்தில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த நாளையே பிறந்தநாளாக வைத்தது நீங்கள்தான். நேற்றுத் தலை பின்னும்போது கேட்டாள்: "அப்ப என் பிறந்தநாளும் பொய்யாம்மா?"

அப்பாவிடம் கேள் என்று சொல்லியிருக்கிறேன். எழுந்ததும் வருவாள்.