குளவி கொட்டினால் வாந்தி வராது

பொழிச்சலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தயாளனுக்கு,

மிருதுளா எழுதுவது. உங்கள் நலத்தை விசாரித்துத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது: உயிரோடு இருக்கிறேன். பதறாமல் படியுங்கள். வியாழக்கிழமை காலை குளவி கொட்டி, மூச்சு நின்றுபோகிற நிலைக்குப் போய், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை. லாரி மோதிச் சாகலாம், காய்ச்சல் வந்து சாகலாம். துணி காயப்போடப் போன இடத்தில் ஒரு பூச்சியால் சாகப் பார்த்தேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொரு விஷயமும் நடந்துவிட்டது. பிள்ளை இப்போது வேண்டாம் என்று நான் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றி உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போட்டோ, வாய் தவறியோ நான் சொல்லவில்லை. உங்கள் பரீட்சை முடிந்து கரையிலேயே வேலை கிடைக்கட்டும், அதுவரை வேண்டாம் என்று முதலில் சொன்னது நீங்கள். நானும் மனதாரச் சரி என்றேன். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு லீவிலும் சொல்லி, ஒவ்வொரு லீவிலும் சொல்லாமலே கப்பல் ஏறினதும் நீங்கள்தான். இப்போது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை நீங்கள் அறிந்துகொண்டுதான் பேச வேண்டும். சிக்னல் கிடைத்ததும் முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவீர்கள். அதனால்தான் போனுக்குக் காத்திருக்காமல் கப்பல் மெயிலுக்கு எழுதுகிறேன்.

நம் அறை ஜன்னல் மூலையில் மண்குளவி கட்டிய கூட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அத்தை தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. செம்மண்ணால் கட்டியதால் ஆண்பிள்ளை என்றும் முடிவாகிவிட்டது. நான் அந்த ஜன்னலைத் துடைக்கக்கூடக் கூடாது. நீங்கள் கிளம்பின பிறகு பின்பக்க பால்கனியில், துணிக்கொடிக்கு மேலே, சன்ஷேடின் அடியில் இன்னொரு கூடு வந்தது. இது மண் இல்லை. நனைத்துக் காயவைத்த காகிதம் மாதிரி சாம்பல் நிறம், கவிழ்த்த தட்டு மாதிரி தொங்கியது. மண்குளவி ஒற்றையாக வரும், போகும். இதில் ஒரு கூட்டமே மொய்த்தது. அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, “ரெண்டு கூடு கட்டிகீது பாருடி, ரெட்டப் புள்ள” என்றார்கள்.

எனக்கு அப்போதே பயம். இரண்டு வாரத்துக்கு முன் ஒன்று கையில் கொட்டி, முழங்கை வரைக்கும் வீங்கி, வளையலைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. உங்களிடம் சொன்னேன். கூட்டை எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். “அம்மா சந்தோஷத்துக்கு இருந்துட்டுப் போகட்டும் மிரு, நீ முன்பக்கம் துணி காயப்போடு” என்றீர்கள். முன்பக்கம் உள்பாவாடையைத் தொங்கவிட்டால் தெருவே நின்று பார்க்கும் என்பது நடுக்கடலில் இருக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

வியாழக்கிழமை டிபன் முடித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். ஈரப் போர்வையை ஓங்கி உதறிக் கொடியில் போட்டேன். உதறினதுதான் தப்பு. பிடரியில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, தோளில் ஒன்று. நெருப்பை ஒட்டவைத்தது போல எரிந்தது. உள்ளே ஓடிவந்து கதவைச் சாத்தினேன். அத்தை சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவந்து தடவிவிட்டார்கள். அதுவரைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் உள்ளங்கால், அப்புறம் காதுக்குள், தலைக்குள். உடம்பு பூராவும் சூடு பரவியது. வயிற்றைப் பிரட்டி, சாப்பிட்ட இட்லி முழுவதும் வாஷ்பேசினில் வந்துவிட்டது. கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கொட்டினது ஏதோ பண்ணுகிறது அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அத்தை என்னையே பார்த்தார்கள். மாமா போனதற்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. “கொளவி கொட்டுனா வாந்தி வராதுடி. எனுக்கு எத்தினி வாட்டி கொட்டிகீது, வயல்ல, கெணத்தாண்ட. ஒரு நாளாவது வாந்தி எடுத்துக்கீறனா? இது வேற வாந்தி” என்றார்கள்.

நீங்கள் லீவு முடிந்து போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் கணக்கில் எல்லாம் ஒத்து வந்தது. என்னைச் சோபாவில் உட்காரவைத்து வாயில் சர்க்கரை போட்டார்கள். விழுங்க முடியவில்லை. தொண்டைக்குள் துணியைத் திணித்த மாதிரி இருந்தது. அத்தை போனை எடுத்து, பெருங்களத்தூரில் என் அம்மாவைக் கூப்பிட்டு, “சம்பந்தி, ஸ்வீட்டு வாங்கிகினு கெளம்பி வாங்க” என்கிறார்கள். இல்லை, இல்லை என்று நான் சொல்லப் பார்க்கிறேன், குரல் வரவில்லை. வந்த கொஞ்சமும் என் குரல் மாதிரி இல்லை. அந்த நேரம் பார்த்து, ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழப் போனது. சத்தம் அடங்குகிறவரைக்கும் அத்தை போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். தயா, எனக்கு அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், எதிரே ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்.

அத்தை மாடிப்படியில் நின்று நல்ல சேதி என்று கூவியதைக் கேட்டு, கீழ்வீட்டில் குடியிருக்கும் ஜஹீரா அக்கா கையில் பேரீச்சம்பழத்தோடு மேலே வந்தார். வாசலைத் தாண்டினதுமே அலறிவிட்டார். “யா அல்லா, இன்னாம்மா இது? ஒதடு வீங்கி கண்ணு மூடிகினு கீது, ஒடம்பெல்லாம் தடிச்சிகீது. மூச்சு வுடவே முடில இவளால!” என்றார். அக்கா வைத்தியம் எதுவும் படித்தவர் இல்லை. வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அதுவரைக்கும் அந்தக் கூடத்தில் என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஹனீஃபா அண்ணன் அப்போதுதான் சீட் கவர் கடைக்குக் கிளம்பி, வேனைக் கேட்டில் நிறுத்தியிருந்தார். அது என் நல்ல நேரம். பின்னால் ரெக்ஸின் சுருள்கள் மேலேயே படுக்கவைத்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் மயக்கம் அதிகமானது, படுத்தால் கொஞ்சம் தாங்கியது. பம்மல் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தோண்டாத இடமே இல்லை. அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பறக்கிறார். அத்தை என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “மெதுவா போப்பா, பள்ளத்துல ஏத்தி எறக்காத, உள்ள புள்ள கீது” என்று கெஞ்சுகிறார்கள். அதற்கு அண்ணன், “மெதுவா போனா இவங்களே இருக்க மாட்டாங்கம்மா” என்றார். அப்போதுதான் அத்தை என் முகத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் விசாரிக்கவே இல்லை. பார்த்த மாத்திரத்தில் நைட்டிக்கு மேலேயே தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். காலைத் தூக்கிவைத்து, ஆக்சிஜன் மாட்டி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. ஆனால் காற்று உள்ளே போனது. அழுதேன். டாக்டர் என் வயதுப் பெண்தான். குளவி விஷம் சில உடம்புக்கு ஆகாதாம். முதல் தடவை கொட்டும்போது உடம்பு அதை எதிரி என்று தெரிந்துவைத்துக்கொள்ளுமாம், அடுத்த தடவை மொத்தமாகப் பாயுமாம். கொட்டின இடம் மட்டும் வீங்கினால் ஐஸ் வைத்தால் போதும். ஆனால் கொட்டாத இடத்தில் தடிப்பு, வாந்தி, மயக்கம், குரல் மாறுவது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். அதில் எனக்கு எல்லாமே வந்திருந்தது.

பிறகுதான் கர்ப்பமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “ஆமாங்க டாக்டர், மொதப் புள்ள” என்றார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், மறைக்காமல் சொல், மருந்து கொடுக்கத் தெரியவேண்டும் என்றார். பிரஷருக்கா, தைராய்டுக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் கருத்தடை மாத்திரையா என்றார். முகத்தில் மாஸ்க், தொண்டையில் குரல் இல்லை. பொய் சொல்வதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆமாம் என்று தலையசைத்தேன். எத்தனை வருஷமாக என்றார். மூன்று விரலைக் காட்டினேன்.

அத்தை அந்த மூன்று விரலையும் பார்த்தார்கள். என் காலில் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு வெளியே போனார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது கேட்டது. “சம்பந்தி, ஸ்வீட்டு வேணா. நீங்க மட்டும் வாங்க” என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. கஞ்சி, ரசம் சாதம் எல்லாம் வேளைக்கு வருகிறது. பேச்சுதான் இல்லை. மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எப்போதும் கையோடு வைத்திருக்கச் சொல்லி டாக்டர் அதே ஊசிமருந்தைக் கொடுத்திருக்கிறார். மறுபடி கொட்டி, உடம்பு அப்படி மாறினால், முதலில் அந்த ஊசி, உடனே ஆஸ்பத்திரி. ஊசி போட்டுச் சரியாகிவிட்டது போல இருந்தாலும் போகத்தான் வேண்டுமாம். நர்ஸ் காட்டிக்கொடுத்ததை அத்தை சமையலறையில் எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்திப் பழகுகிறார்கள். நான் அதைப் பார்த்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது.

நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். போன் செய்து வரவழைத்தது அத்தைதான். மருந்தடித்து, பால்கனிக் கூட்டை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். கிளம்பினவர்களை அத்தை நிறுத்தி நம் அறைக்கு அழைத்துவந்து, ஜன்னல் கூட்டைக் காட்டி, இதையும் எடுத்துவிடச் சொன்னார்கள். அந்த ஆள் சிரித்தபடி, “இது மண்கொளவிம்மா, சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. வூட்ல கட்னா நல்லதுன்னு சொல்வாங்க, இருக்கட்டும்” என்றார். அத்தை, “எடுத்துடுப்பா” என்றார்கள். அவர் சுரண்டினார். செம்மண் கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. அத்தை துடைப்பத்தை எடுத்துவந்து தானே கூட்டி அள்ளினார்கள். எனக்கு ஐயோ வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

குனிந்து கூட்டிக்கொண்டே ஒன்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர்கள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். “எம் புள்ளைக்கித் தெரியுமாடி?” என்றார்கள்.

தெரியாது என்று சொன்னால் மூன்று வருஷமாக இருவரையும் ஏமாற்றியவள் நான். தெரியும் என்று சொன்னால் அவர்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆளையும் நான் பிடுங்கிக்கொண்டவளாகிறேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, இன்னும் பேச முடியவில்லை என்று ஜாடை செய்தேன். என் தொண்டை நேற்றுக் காலையே சரியாகிவிட்டது, தயா. அவர்களிடம் மட்டும் இன்னும் ஊமையாக இருக்கிறேன்.

நீங்கள் இருக்கிற இடத்தில் கடல் அமைதியாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைத்ததும் கூப்பிடுங்கள். என்னைக் கேட்காதீர்கள், நான் நன்றாக இருக்கிறேன். அத்தையிடமே பேசுங்கள். அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்த பிறகுதான் நான் இந்த வீட்டில் வாயைத் திறப்பேன்.

உங்கள்
மிருதுளா