நோதோ கடலில் நான் சொன்னது

நவோஎட்சு,
1973 ஜூன் 14

டைரக்டர் நிஷினா கன்ஜி அவர்களுக்கு,

மழைக்காலம் வந்துவிட்டது, உடல்நலம் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களுக்கு எழுதும்போது அந்த மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது. மழை பெய்கிறது. அது சிறை ஜன்னல் வழியாக உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கு என் வணக்கம். ஐயா, கறுப்பு மை பூசி மறைக்கும்படி இதில் ஒன்றும் இருக்காது. நான் இந்த மனிதரின் கட்சிக்காரி அல்ல. ஒரு காலத்தில் இவர் எடுத்த படங்களில் நடித்தவள். எந்த மாதிரிப் படங்கள் என்று உங்களுக்கே தெரியும், அதற்காகத்தானே உள்ளே வைத்திருக்கிறீர்கள். இப்போது துறைமுகத்துக்கு எதிரே கணவரோடும் மாமியாரோடும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன்.

உங்கள் வக்கீல் ஒனுமா போன வாரம் வந்தார். வந்ததுதான் வந்தார், படகுகள் திரும்பிக் கடை நிரம்பி வழியும் மதிய நேரமாகப் பார்த்தா வர வேண்டும்? மூலையில் உட்கார்ந்து சுட்ட கானாங்கெளுத்தியும் சோறும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கல்லாவுக்கு வந்து பெயர் அட்டையை நீட்டினார். டோக்கியோவிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைத் துணி முடிச்சை அவிழ்த்து வைத்தார். யாரது என்று மாமியார் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன், இன்ஷூரன்ஸ்காரர் என்று. அன்றிலிருந்து மாமியார் அந்தப் பயறு இனிப்பை வெட்டி வெட்டித் தின்றுகொண்டு, இவ்வளவு மரியாதை தெரிந்த இன்ஷூரன்ஸ்காரரைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐஸ் கிடங்குக்குப் பின்னால் நின்று வக்கீல் விஷயத்தைச் சொன்னார். நமது கடல் படத்தில் தணிக்கைக்காரர்கள் வெட்டச் சொன்ன துண்டுகளையெல்லாம் திரும்ப ஒட்டி மாணவர் விழாவில் போட்டீர்களாம். போலீஸ் படப்பெட்டியைத் தூக்க வந்தபோது தியேட்டர் வாசலில் மல்லாந்து படுத்துக்கொண்டீர்களாம். ஆபாச வழக்கு ஒன்று, போலீஸைத் தடுத்த வழக்கு ஒன்று. ஜாமீன் தருகிறோம் என்றும் கொள்கைக்காக வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்களாம். உங்கள் தம்பட்டத்துக்கு என்ன குறைச்சல்!

செப்டம்பரில் நான் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். நடித்தது என் சம்மதத்தோடுதான், அது ஆபாசம் இல்லை, போராட்டம் என்று சொல்ல வேண்டுமாம். "ரெண்டே வார்த்தைம்மா, நீங்க சொன்னா கோர்ட்டே ஆடிப்போயிடும்" என்றார் ஒனுமா. கோர்ட் ஆடுவது இருக்கட்டும். என் வீடு ஆடுமே, அதை யார் பிடிப்பது? நான் என்ன வேலை செய்தேன் என்று என் கணவரைத் தவிர இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது. என் மகள் சவா இந்த வசந்தத்தில்தான் மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். நான் சாட்சி சொன்னால் மறுநாள் பத்திரிகைக்காரர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு மீன் சுடும் என் படத்தையா போடுவார்கள்?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற டைரக்டர்கள் எங்களைச் சரக்கு என்பார்கள். நீங்கள் தோழி என்றீர்கள். விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்த விவசாயிகளோடு நின்று தடியடி வாங்கி, நெற்றியில் தையலோடு நேராகப் படப்பிடிப்புக்கு வந்தீர்கள். அன்று நான் உங்களுக்காக அழுதேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வர மாட்டேன். இதுதான் பதில். என் கணவர் தெய்ஜியை உங்களுக்கு நினைவிருக்கும், உங்களிடம் லைட் உதவியாளராக இருந்தவர். ஈரத் தரையில் படுக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார். அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஹமாதே கினுயே


நவோஎட்சு,
ஜூலை 9

நிஷினா அவர்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. கத்தை கத்தையாக எழுதியிருக்கிறீர்கள். அத்தனை பக்கத்தில் வியட்நாம் இருக்கிறது, அமெரிக்கத் தளங்கள் இருக்கின்றன, அரசும் குடும்பமும் ஒரே கைவிலங்கின் இரு முனைகள் என்று இருக்கிறது. என் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

கடைசிப் பக்கத்தில் ஒருவழியாக நான் வருகிறேன். நோதோ கடலில், அலைக்கு நடுவில் திரும்பிப் பார்த்து, "என் உடம்பு எந்த அரசுக்கும் சொந்தமில்லை" என்று சொன்னாயே, அந்தக் குரல் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை, அதே குரலில் நீதிமன்றத்தில் ஒரே ஒரு தடவை அதைச் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்ததில் அடுப்பில் வைத்த மீன் கருகிப்போனது.

ஐயா, அது என் குரல் இல்லை. நாம் எந்தப் படத்தைச் சத்தத்தோடு எடுத்தோம்? காமிரா தையல் மிஷின் போலக் கடகடவென்று ஓடும். அது ஓட ஓட நீங்கள் தொண்டை கிழியக் கத்துவீர்கள், இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று. பேச்சையெல்லாம் பிறகு டப்பிங்கில் ஒட்டிக்கொள்வோம். கடல் படத்துக்கு டப்பிங் நடந்தபோது நான் எங்கே இருந்தேன்? நெஞ்சில் சளி கட்டி, கடும் ஜுரத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதனால் ஒகதா அம்மாளைக் கூப்பிட்டீர்கள். இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒரே பகலில் மனைவி, விதவை, வாத்தியாரம்மா என்று யாருக்கு வேண்டுமானாலும் குரல் கொடுப்பாரே, அவர். நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த வரியையும் அவர்தான் பேசினார். ஊர் ஊராகப் போட்டுப் பார்த்துப் பார்த்து, அது நானே பேசியது என்று உங்களுக்கே தோன்றிவிட்டது. தான் ஒட்டிய குரலைத் தானே நம்பிய டைரக்டரை நான் கண்டதே இல்லை.

நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். ஜனவரி மாதம். மேலே ஒற்றைத் துணி. இடுப்பளவுத் தண்ணீர் வரைதான் என்று முதலில் பேசிக்கொண்டோம். இன்னும் போ, இன்னும் போ என்று கரையிலிருந்து கத்தினீர்கள். மார்பைத் தாண்டியது. கால் மரத்துப்போய், கீழே மணல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போதுதான் திரும்பி உங்களைப் பார்த்துச் சொன்னேன்.

"டைரக்டர், கால் எட்டல. கையைக் குடுங்க. கையைக் குடுங்க."

அந்த வாயசைவு இதற்குத்தான். நீங்கள், "அருமை, அப்படியே இரு" என்றீர்கள். ஃபிலிம் தீரும்வரை ஓட விட்டீர்கள். வெளிச்சத் தகட்டை வீசிவிட்டுத் தண்ணீரில் குதித்தவர் தெய்ஜி. அப்போது அவர் எனக்கு யாரோ ஒரு லைட்காரர். ஷாட்டுக்குள் தலையை நீட்டிவிட்டான் முட்டாள் என்று அவரைத் திட்டினீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்தீர்கள். கையில் பழம் இல்லை, பூ இல்லை, போஸ்டர் இருந்தது. "படம் பிரமாதமா வந்திருக்கு" என்றீர்கள்.

என் உடம்பு அரசுக்குச் சொந்தமில்லையாம். நல்லது. உங்களுக்கு மட்டும் யார் எழுதிக் கொடுத்தார்கள்? மாணவர்கள் அந்த வரியைத் துணியில் எழுதித் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பாவம், பிள்ளைகள். முழுகிக்கொண்டிருந்த ஒருத்தி கை கேட்டதைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அரசுத் தரப்பு வக்கீலின் ஆளும் போன வாரம் வந்துவிட்டுப் போனார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "உங்களப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும்மா, ஏழைப் பொண்ண ஏமாத்திட்டான்" என்றார். நான் அறியாமல் கெடுக்கப்பட்டவள், இதெல்லாம் கண்ணராவிப் படம் என்று தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். கையெழுத்துக்குப் பதிலாக நான் என் பெயர் முத்திரையைக் குத்த வேண்டியது மட்டும் பாக்கி. அறியாமல் ஒன்றும் இல்லை, இருபத்து நான்கு வயதில் நன்றாக அறிந்துதான் அந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் சரி, நீங்களும் சரி, என் வாயை மட்டும் கேட்கிறீர்கள். பேச்சை அவரவரே கொண்டுவந்துவிடுகிறீர்கள்.

இதையெல்லாம் தெய்ஜியிடம் சொன்னேன். வெங்காயத்தாள் நறுக்குவதை அவர் நிறுத்தவில்லை. "போறதும் போகாததும் உன் இஷ்டம். அந்த ஆளுக்காக மட்டும் போயிடாதே" என்றார்.

வர மாட்டேன் என்று முன்பு எழுதினேன். இப்போது எனக்கே தெரியவில்லை. ராத்திரி பகல் அதுதான் ஓடுகிறது. பதில் எழுதி என் எரிச்சலைக் கிளறாதீர்கள்.

கினுயே


நவோஎட்சு,
ஆகஸ்ட் 27

நிஷினா அவர்களுக்கு,

வருகிறேன். ஒனுமா வக்கீலுக்கும் எழுதிவிட்டேன்.

முதலில் மாமியாரிடம் சொன்னேன். கடை மூடிய பிறகு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். பத்திரிகையில் பார்த்து அவர் தெரிந்துகொள்வதைவிட அது மேல். "அப்ப அவன் இன்ஷூரன்ஸ்காரன் இல்லியா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வைத்த சாதத்தைத் தொடவில்லை. சவாவைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். இந்த வீட்டில் என் காலம் முடிந்தது என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்த மீன் ஏலக்காரன் ஒருவன், எங்கே கேள்விப்பட்டானோ, என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு ஏதோ சொன்னான். மாமியார் அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டார். "இங்க சோறு தீந்துபோச்சு, வேற கடையப் பாரு" என்றார். இன்னும் என்னோடு அவருக்குச் சரியாகப் பேச்சில்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. அதற்குள் ஊரில் பேச்சு பரவி, வாடிக்கையில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மழலையர் பள்ளியில் ஒரு தாய் தன் பிள்ளையை சவாவின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்றாளாம். நான் அங்கே வந்து பேசப்போகும் பேச்சுக்கு இந்த வீடு இப்போதே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அதை நான் வீணாக்கப்போவதில்லை.

என்ன சொல்லப்போகிறேன் என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒளிந்திருந்து அடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தப் படம் ஆபாசமா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். என் உடம்பில் ஆபாசமாக ஒன்றும் கிடையாது. அதைப் பூட்டிவைக்க அரசுக்கு ஒரு வேலையும் கிடையாது. அரசுத் தரப்பின் முகம் சுருங்கும். உங்களுக்கு நெஞ்சு நிமிரும். அவசரப்பட்டு நிமிராதீர்கள்.

கோர்ட்டில் திரை கட்டிப் படத்தைப் போடப்போகிறார்கள் என்று ஒனுமா சொன்னார். நோதோ காட்சி வரும்போது ஒலியை மட்டும் நிறுத்தும்படி நீதிபதிகளைக் கேட்கப்போகிறேன். திரைக்குப் பக்கத்தில் நின்று, என் வாயசைவுக்கு நானே என் பேச்சைப் பேசப்போகிறேன். அன்று நடக்காமல் போன டப்பிங்கை அங்கே முடித்துக் கொடுத்துவிடுகிறேன். உதட்டுக்கும் பேச்சுக்கும் பொருந்துகிறதா இல்லையா என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தத் தொழிலில் அதைத்தானே நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு விசாரணையிலும் நீங்கள் எழுந்து கோஷம் போடுவதாகவும், நீதிபதிக்கு முதுகைக் காட்டி நிற்பதாகவும் பத்திரிகையில் பார்க்கிறேன். மற்ற நாள் எப்படியோ போகட்டும். நான் பேசும்போது எழுந்திருக்காதீர்கள். குறுக்கே ஒரு வார்த்தை போடாதீர்கள். அது அரசின் தந்திரம், வரலாற்றின் முரண்பாடு என்று எதையும் அதன்மேல் ஒட்டாதீர்கள். நான் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

கடலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அந்த ஜுரத்தில் என் இடது காது போய்விட்டது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்டதில்லை. சாட்சி நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம்தான் உங்களை உட்கார வைப்பார்களாம். அதனால் நான் பேசி முடித்த பிறகு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று உங்கள் மனதில் இருந்தால், உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டுச் சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். எனக்குக் கேட்கும்படி, உரக்கச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹமாதே கினுயே